தேய்க்கக் கூடாத இடம்

என் தம்பிக்கு மூளை உண்டு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு அவன் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்ற அன்றோடு அந்த நம்பிக்கை போயிற்று. பேங்கில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன், கல்யாணம் ஆனவன். யாருடைய கோடவுனுக்குப் பின்னாலோ தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்து மயங்கிப்போய் வாங்கி வந்திருந்தான். கூரை இல்லை, இன்ஜின் இல்லை, சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. நீளமான மூக்கும் இரண்டு கதவுகளும்தான் உருப்படியாக இருந்தன. என் கணவர் கீழே குனிந்து அடிச்சட்டமான சேஸிஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். நனைந்த அட்டையில் இறங்குகிற மாதிரி அது உள்ளே இறங்கியது.

"பாடியக் காப்பாத்திடலாம், மாப்ள. ஆனா அடியில புதுசா சேஸிஸ் போடணும்" என்றார். வேறு யாராவது அதைக் கேட்டிருந்தால் லாரியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள். என் தம்பிக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் அவன் மனைவி வந்து பார்த்தாள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். காய்கறிப் பையை எங்கே வைப்பது என்று கேட்டாள். மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றான் இவன். அன்றைக்கே அவள் அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்துவிட்டாள். அதன் பிறகு போன் செய்யும்போதெல்லாம், சக்களத்திக்கு இன்றைக்கு என்ன அலங்காரம் நடந்தது என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாள்.

எங்கள் பட்டறை தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. முன்பாதி அவருடையது. பிளாஸ்டிக் திரை போட்டு மறைத்த பின்பாதி என்னுடையது. வெட்டுவது, ஒட்டுவது, தட்டி நிமிர்த்துவது அவர் வேலை. தேய்ப்பது, பட்டி பூசுவது, பெயிண்ட் அடிப்பது என் வேலை. வெல்டிங் பக்கம் நான் போக மாட்டேன். என் ஸ்ப்ரே கன்னை அவர் தொட்டால் கையை உடைப்பேன் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு வேலைக்கும் நடுவில் இருப்பது கிரைண்டர். கதவிலும் மட்கார்டிலும் அவர் போட்ட வெல்டு மேடாக நிற்கும். அதை நான் சமமாகத் தேய்த்துவிட்டுத்தான் பட்டி பூச முடியும். சேஸிஸில் மட்டும் கிரைண்டர் படக் கூடாது. வண்டியின் பாரத்தைத் தாங்குகிற வெல்டு அது. தேய்த்தால் பலம் போய்விடும், எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்காது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது இந்த வண்டி வருவதற்கு முன்பே. முதலில் வெல்டிங் ஹெல்மெட்டின் கண்ணாடி சரியில்லை என்றார். புதுக் கண்ணாடி வாங்கினார். அதுவும் சரியில்லை என்று இன்னொன்று வாங்கினார். பிறகு பட்டறையில் வெளிச்சம் போதவில்லை என்று பல்பையெல்லாம் மாற்றினார். செய்தித்தாளில் பெரிய தலைப்பை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிட்டு உள்ளே ஒன்றும் விசேஷமில்லை என்பார். கண் டாக்டரிடம் போய் வருகிறேன் என்று கிளம்பியவர், பாதி வழியில் கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். டாக்டரிடம் ஒரே கூட்டமாம். நான் நம்பவில்லை. என்னிடமே காது குத்துகிறாரே என்று கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை.

ஒரு வேனின் கதவில்தான் முதலில் பார்த்தேன். இரண்டு தகடுகள் சேருகிற கோட்டில் விழ வேண்டிய வெல்டு, அரை விரல் தள்ளி ஒரு தகட்டின் மேலேயே ஓடியிருந்தது. கோடு அப்படியே திறந்து கிடந்தது. அவருடைய கையா இது என்று எனக்குப் பகீரென்றது. ஊரெல்லாம் வெல்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் இவர் போட்டதைப் பார்த்தால் தேய்க்கவே மனசு வராது. பக்கத்துத் தெருவில் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் வெல்டை இவர் காக்கா எச்சம் என்றுதான் சொல்வார். அவனை எதிரே பார்த்தால் அவனிடமே சொல்வார். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், உங்கள் வெல்டு இடம் மாறிக் கிடக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்?

சொல்லவில்லை. விலகிப் போன மேட்டைத் தேய்த்து எடுத்தேன். உள்பக்கம் ஃபைபர் துணியைப் பசை போட்டு ஒட்டி, வெளியே பட்டி பூசி, உப்புத்தாளால் இழைத்தேன். கதவுதானே, பாரம் தாங்கப் போவதில்லை, தண்ணீர் உள்ளே போகாமல் இருந்தால் போதும். சாயங்காலம் அவர் வந்து கட்டை விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு நெளிவு இல்லை.

"பரவாயில்லையே. கண்ணு மக்கர் பண்ணினாலும் கை இன்னும் சொன்ன பேச்சு கேக்குது" என்றார்.

அன்று இரவு முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார். சாப்பிடும்போது பழைய கதைகளை எடுத்து விட்டார், என்னையே நக்கல் செய்தார். அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த வண்டியிலும் அப்படியே செய்தேன். அதற்கடுத்ததிலும். பூசி மெழுகுவதுதான் என் தொழில். அதை வீட்டுக்காரருக்குச் செய்யக் கூடாதா என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

தம்பியின் வண்டி வந்தபோது அவர் பத்து வயது குறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். பாடியைப் பழைய சேஸிஸிலிருந்து பிரிப்பதற்கு முன்னால் இரண்டு கதவு வாசல்களிலும் குறுக்கே குழாய் வைத்து வெல்டு பண்ணினார். கூரை இல்லாத வண்டி, அப்படி முட்டுக் கொடுக்காமல் தூக்கினால் நடுவில் மடிந்துவிடும். சங்கிலி போட்டுத் தூக்குகிற செயின் பிளாக்கில் பாடி மெல்ல மேலே ஏறியது. அடியில் மிச்சமிருந்த சேஸிஸ் தரையில் பொலபொலவென்று உதிர்ந்தது. தம்பி அதைப் பார்த்துக் கொஞ்சம் வெளிறிப்போனான். இவர் அவன் முதுகில் தட்டி, அஸ்திவாரத்தை மாற்றினாலும் வீடு அதே வீடுதான் என்று தைரியம் சொன்னார்.

புதுச் சேஸிஸ் வெளிப் பட்டறையில் சதுரக் குழாயில் செய்து வந்தது. பழையதைவிட மூன்று விரல் நீளம் அதிகம். அதனால் பின்சக்கரம் மட்கார்டின் வளைவுக்கு நடுவில் நிற்காமல் பின்னால் தள்ளி நின்றது. செருப்பை மாற்றிப் போட்ட மாதிரி இருந்தது பார்ப்பதற்கு. இரண்டு பின் மட்கார்டையும் வெட்டி, வளைவை நகர்த்தி, அகலமும் ஆக்கித் திரும்ப வைக்க வேண்டியதாயிற்று. தம்பிக்கு அகலமான டயர் வேண்டும் என்று ஆசை வேறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு படத்தைப் போனில் வைத்துக்கொண்டு வருவான். இன்னும் இரண்டு விரல் வெளியே வரட்டும் மாமா என்பான். இது காரா கல்யாணப் பந்தலா என்று நான் திட்டுவேன். இவர் மட்டும் அவன் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தார்.

மட்கார்டு வெல்டில் பாதி எங்கெங்கோ போயிருந்தது. தேய்த்தேன், ஒட்டினேன், பூசினேன். அவர் வந்து தடவிப் பார்த்தார். அந்த வளைவு அவ்வளவு அழகாக வந்திருந்தது. அழகில் பாதி என் பட்டி என்று எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்தது பிராக்கெட். பாடி சேஸிஸின் மேல் உட்காருவதற்கு இரண்டு பக்கமும் இரும்புத் தகட்டில் கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் அவை. அவற்றின் மேல் ரப்பர் வைத்து போல்டு போட்டு பாடியை இறுக்க வேண்டும். ஓட்டுகிறவன் சீட்டுக்குக் கீழே வருகிற பிராக்கெட் மற்றதைவிடப் பெரிது. சீட்டும் சீட் பெல்ட்டும் அதில்தான் பிடிக்கின்றன. அவர் அதை வெல்டு செய்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் குனிந்து பார்த்தேன். மற்ற பிராக்கெட்டுகளில் வெல்டு சரியாகத்தான் பிடித்திருந்தது. இதில் மேல்பக்கம் வெல்டு பிராக்கெட்டின் மேல் மட்டும் படிந்திருந்தது, குழாயைத் தொடவே இல்லை. கீழ்ப்பக்கம் கொஞ்ச தூரம் பிடித்து, பிறகு விலகிப் போயிருந்தது. ஒரு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று மத்தியானம் இன்ஜின் பொருத்துகிற மெக்கானிக் அளவு எடுக்க வருவதாக இருந்தது. அவருக்கு வாயில் பூட்டே கிடையாது. இங்கே பார்த்ததை நாலு தெரு தள்ளிச் சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. இந்த வெல்டைப் பார்த்தால் யாருக்கும் புரியும், அதற்கு மெக்கானிக்காகக்கூட இருக்க வேண்டாம். எனக்கு அப்போது வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை. இவரைப் பற்றி அந்த ஆள் பேசக் கூடாது. அவ்வளவுதான். கிரைண்டரை எடுத்தேன். தேய்க்கக் கூடாத இடத்தில் தேய்த்தேன். மேலே கறுப்பு பெயிண்டை அடித்தேன். அடித்த பிறகு அது மற்ற எல்லா பிராக்கெட்டையும்விடச் சுத்தமாக இருந்தது.

அப்படியே விட்டுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேட் செய்கிறவனைப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் வெளியே போகிற ஒரு நாள் வந்து யாருக்கும் தெரியாமல் அதை வெட்டி எடுத்துத் திரும்பப் போட்டுக் கொடு என்றேன். அவன் ஒரு மாதிரி பார்த்தான், ஆனால் சரி என்றான். வியாழக்கிழமை இவர் கேஸ் சிலிண்டர் மாற்றப் போவார். வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

புதன்கிழமை காலையில் தம்பி தன்னோடு வேலை பார்க்கிற மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எல்லோரும் லீவாம். இவ்வளவு கை கிடைத்திருக்கும்போது இன்றைக்கே பாடியை இறக்கிவிடலாம் என்று இவர் துள்ளினார். பெயிண்ட் காயவில்லை என்றேன். சேஸிஸ் பெயிண்ட்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்கள். தலை வலிக்கிறது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். நீ போய்ப் படு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கடைசியில் பாடியின் பின்முனையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். பாடி அங்குலம் அங்குலமாக இறங்கி, அந்த பிராக்கெட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு இன்ஜின் ஏறியது. சீட் வந்தது. தம்பி மனைவி கேட்ட கரும்பச்சை நிறத்தையே அடித்துக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல பெயிண்ட் நான் அடித்ததில்லை. தம்பி எப்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேட்கும்போதெல்லாம் பெயிண்ட் இறுகவில்லை, பாலிஷ் பாக்கி, வெயில் படக் கூடாது என்று சப்பைக்கட்டு கட்டினேன். என்ன அக்கா, பெண்ணை வைத்துக்கொண்டு அனுப்ப மனசில்லாத மாமியார் மாதிரி பண்ணுகிறாய் என்று அவன் கிண்டல் செய்தான். தாராளமாக அனுப்புங்கள் அண்ணி, நானும் அவளை என் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றாள் அவன் மனைவி. கேட் செய்கிறவனிடம் மறுபடி போனேன். பாடி ஏறிவிட்டதே, தூக்காமல் எப்படிப் போடுவது என்று கையை விரித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் இருவரும் வந்தார்கள். அவள் தலையில் துணி கட்டியிருந்தாள், கூரை இல்லாத வண்டியில் முடி பறக்கக் கூடாதாம். கையில் ஒரு பை. அவளுடைய அம்மா வீட்டுக்கு நெடுஞ்சாலை வழியாகப் போய்ச் சாயங்காலம் திரும்புவதாகத் திட்டம். ரொம்ப நாளாக என்னைக் காக்க வைத்தவள் முதுகில் ஏறி உட்காரப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். டாங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் இருந்தது. தம்பி கேனை எடுத்துக்கொண்டு பங்குக்குக் கிளம்பினான். அவளும் கூடப் போனாள். பங்க் பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு நேரம் இல்லை.

இவர் பானெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார், விட்ட இடம் விட்டபடியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

"என்னங்க, கொஞ்சம் வண்டிக்கு அடியில படுங்க."

"எதுக்கு?"

"ஓட்டுற சீட்டுக்குக் கீழ இருக்கிற பிராக்கெட்டத் தொட்டுப் பாருங்க."

ஏதாவது எண்ணெய் ஒழுகுகிறதா என்று கேட்டார். தொட்டுப் பாருங்கள் என்று மறுபடி சொன்னேன். என் குரலில் என்ன கேட்டதோ, மறு பேச்சுப் பேசாமல் மல்லாக்கப் படுத்து அடியில் நகர்ந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கை உள்ளே துழாவுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

அங்கே மேடு இருந்திருக்க வேண்டும். மேடு இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று இருந்தால் யாரோ கிரைண்டர் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பட்டறையில் கிரைண்டரைத் தொடுகிறவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூட விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். சட்டையெல்லாம் தூசி. மட்கார்டும் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த வேன் கதவு? ஆமாம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார், நானும் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்னேன். நடுவில் ஒன்றுக்காவது இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. முடியவில்லை. கடைசியில் அவரே நிறுத்திக்கொண்டார்.

"கண்ணு போயிட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். கை இருக்குதேன்னுதான் தெம்பா இருந்தேன். தடவிப் பாத்துப் பாத்துத்தானே அடுத்த வேலைய எடுத்தேன்."

"நீங்க மனசு ஒடஞ்சு போவீங்கன்னு..."

"ஒடஞ்சிருப்பேன். இந்த வண்டியத் தொட்டிருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கத்தத் தெரியும். அவர் சாதாரணமாக, கணக்கு ஒன்றைக் கூட்டிப் பார்த்துச் சொல்கிறவர் போலச் சொன்னார். நான் துணியை எடுத்து அவர் முதுகில் இருந்த தூசியைத் தட்டப் போனேன். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டார்.

தம்பியும் அவளும் கேனோடு வந்தார்கள். நான்தான் சொல்ல வேண்டும் என்று முன்னால் போனேன். அதற்குள் அவரே எழுந்து, வண்டி இன்றைக்குப் போகாது, மாப்ள, எனக்குப் பார்வை சரியில்லை, சீட்டுக்கு அடியில் வெல்டு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அக்காள் தேய்த்தாள் என்று சொல்லவில்லை. என் தம்பி முட்டாள் இல்லை. கறுப்பு பெயிண்ட் அடித்தது யார், இத்தனை நாள் சாக்குச் சொன்னது யார் என்று அவனுக்கு உடனே பிடிபட்டது. மாமாவை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் திரும்பினான்.

"இவளும்ல பக்கத்துல உக்காந்திருப்பா, அக்கா."

அவள் தலையில் கட்டிய துணியை அவிழ்த்துப் பைக்குள் வைத்தாள். சக்களத்தியைப் பற்றி அன்று எந்த ஜோக்கும் வரவில்லை. போகும்போது போய்ட்டு வரேன் அண்ணி என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் அவர் கண் டாக்டரிடம் போனார். தம்பியோடு போனார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, நீ பட்டறையைப் பார்த்துக்கொள் என்றார். ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்தால் ஓரளவு தெரியும், இன்னொன்றில் நரம்பே போய்விட்டது, திரும்பாது என்று டாக்டர் சொன்னதாக எனக்குத் தம்பிதான் போனில் சொன்னான். இவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், சாப்பாடு நன்றாக இருந்தது என்றார், படுத்துக்கொண்டார். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

கேட் செய்கிறவனை அவரேதான் போய்க் கூப்பிட்டார். காக்கா எச்சம் என்று இத்தனை வருஷம் சொன்ன வாயால், நீ வந்து கொஞ்சம் போட்டுக் கொடுப்பா என்று கேட்டாராம். அவன் மிஷினைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். ஒரு குத்தல் பேச்சு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை, வரும்போதே சொல்லுங்க அண்ணே என்றுதான் வந்தான். போல்டையெல்லாம் இவரே தடவித் தடவிக் கழற்றினார், அதற்குக் கண் வேண்டியிருக்கவில்லை. கதவு வாசல்களில் மறுபடி முட்டுக் கொடுத்து, தம்பியும் நாங்களும் சேர்ந்து பாடியைச் செயின் பிளாக்கில் தூக்கினோம். என் பச்சை பெயிண்டில் சங்கிலி உரசி ஓர் இடத்தில் உரிந்தது.

அவன் பழைய பிராக்கெட்டை வெட்டி எடுத்தான். வெட்ட ஆரம்பித்ததுமே அது தானாகக் கழன்று தரையில் விழுந்தது. நாலு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். பிறகு அவன் புதுத் தகட்டை வைத்து, அளவு பார்த்து, வெல்டு போட ஆரம்பித்தான். இவர் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து வெல்டிங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை, கொஞ்சம் மெதுவாப் போ என்றார். அவன் மெதுவாகப் போனான்.

முடிந்தது. இரும்பு இன்னும் சிவந்திருந்தது, தொட்டுப் பார்க்க முடியாது. ஆறுகிற வரைக்கும் பொறுத்திருக்கவும் அவரால் முடியவில்லை. என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சரியா விழுந்திருக்கா?"

அன்றைக்குப் பிறகு வேலை விஷயமாக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் கை விளக்கை எடுத்துக்கொண்டு முழங்கால் போட்டுக் குனிந்தேன். அவசரப்படாமல் பார்த்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், இரண்டு முனையிலும் பார்த்தேன். வெல்டு பிராக்கெட்டையும் குழாயையும் சேர்த்துப் பிடித்து ஒரே சீராக ஓடியிருந்தது. ஓரிடத்தில்கூட விலகவில்லை. பார்க்கப் பெரிய அழகில்லை, ஆனால் உறுதியாக இருந்தது. கடைசியில் அவரிடம் உள்ளது உள்ளபடி ஒரு பதில் சொல்ல முடிகிறதே என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டேன்.

"நல்லா விழுந்திருக்கு. ரெண்டு பக்கமும் முழுசாப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டவில்லை. என் தம்பி நிற்கிற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்தார். என் தம்பிக்கு வெல்டுக்கும் துருவுக்கும் வித்தியாசம் தெரியாது.

"மாப்ள, நீ குனிஞ்சு பாத்துச் சொல்லு."

தம்பி என்னைப் பார்த்தான். நான் விளக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.